குடைவரையின் குளிர்ச்சி யாருக்கு?

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்றொரு பழமொழி நாட்டில் உலவுகிறது. தெருவில் குரைக்கும் நாயையும், அதை விரட்டக் கைதேடும் கல்லையும் பற்றியதாகவே பலரும் அதனைக் கொள்கின்றனர். சிற்பி செதுக்கிய கல்நாயைக் குறித்தது அது என்று பொருள் உரைப்போரும் உளர். நாயென்று நோக்குவார்க்குக் கல் மறைகிறது. கல்லென்று நோக்குவார்க்கு நாய் மறைகிறது. இந்தப் பொருளே நமக்கு இப்பொழுது வேண்டியது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலைப் பற்றி இரு திறத்தார் நம்மிடம் பேசக் கேட்டிருக்கிறோம். ஒரு திறத்தார் அங்கே சென்று ஆண்டவனை மட்டும் கண்டு வருகின்றனர். கல் அவர்கள் கண்ணில் படுவதில்லை. மற்றொரு திறத்தார் நம் தோழர்கள். ஆண்டவன் இல்லையென்று அறிந்தவர்கள். ஆதலால் அங்கே செல்வதே இல்லை. அவர்கள் கண்ணிலும் கல் படுவதில்லை! பக்தனும் பகுத்தறிவாளனும் ஒரே பொருளைக் காணாமல் விடுவதில் ஒற்றுமைப்படுவது வேடிக்கையன்றோ?

முன்னவர்கள் திரும்பி வந்து, "என்ன அமைதி! என்ன அமைதி! எல்லாம் அவன் அருள்!" என்கின்றனர். அமைதி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் கீரனூர்ப் பக்கத்துப் பொட்டலைக் கடந்து வந்து, அக்குடைவரையின் முன்மண்டபத்தில் கால்நாழிகை அமர்ந்தால் எவர்க்கும் உள்ளம் அடங்கும். ஆயின், அந்த வரவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே கேள்வி. உழைத்தவன் கணக்கில் எழுத வேண்டியதை உழைக்காதவன் கணக்கில் எழுதும் பழக்கம் நிலத்தில் மட்டுமா, கலையிலும் அல்லவா நடைபெறுகிறது!

பாறையின் அடிவயிற்றைக் குடைந்து அமைக்கப்பட்ட கோயில் அது. எட்டாம் நூற்றாண்டினது என்பது அறிஞர் கருத்து; நந்திவர்மன், தந்திவர்மன் என்னும் பல்லவ மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள. அக்காலத்தில் இந்தப் பகுதியைப் பல்லவர்க்கு அடங்கி ஆண்டவர்கள் முத்தரையர்கள். அருகிலுள்ள மலையடிப்பட்டியில், தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் குவாவன் சாத்தன் என்னும் முத்தரையன் குடைவித்ததாகவே கல்வெட்டு கூறுகிறது. குடைவித்தவன் பெயர் நின்றது. குடைந்தவன் பெயர்?

கட்டடக் கோயில் வேறு, குடைவரை வேறு என்பதை நம் இளைஞர் உணர வேண்டும். கட்டுவோன் ஒரு கல் பழுதானால் மற்றொரு கல் கொண்டுவரலாம். குடைவோனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாறையின் முகத்தைக் கட்டங்கட்டமாகப் பகுத்து, இடையிடையே உளியால் பள்ளமிட்டு, எஞ்சிய முண்டுகளைத் தட்டியெடுத்து, ஒவ்வொரு விரற்கடையாக உள்ளே நகர வேண்டும். தூண் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு மிகுந்தால் தூண் போயிற்று, ஒட்டவைக்க வழியில்லை. தூணைச் செய்தான் என்பதினும், தூணை விட்டுவைத்தான் என்பதே பொருந்தும். கீழும் மேலும் சதுரம், நடுவே எட்டுப்பட்டை. ஒப்பனை மிகுதியில்லை, பருமனே அழகு. எதைச் செதுக்காமல் விடவேண்டும் என்று அறிந்தவன் கை அது. அங்கே நாம் உணரும் அடக்கம் அந்தக் கையின் அடக்கம்.

அதே வளாகத்தில் விசயநகரக் காலத்து நூற்றுக்கால் மண்டபம் ஒன்றும் உண்டு. தேர்போல் அமைத்திருக்கின்றனர், கல்லில் சக்கரங்கள், இழுத்துச் செல்லும் குதிரைகள். சுற்றுலா வருவோர் முதலில் ஓடிப் படமெடுப்பது அதனைத்தான். நம் மதிப்பில் அது குடைவரைக்கு இளைத்ததே. நகராத கல்லை நகர்வதாகக் காட்டும் திறமை பெரிதுதான், ஆயினும் அது "பார், பார்!" என்று நம் கையைப் பிடித்து இழுக்கிறது. குடைவரையோ ஒன்றும் கேட்பதில்லை. ஊர்வலம் விடும் அரசின் கலைக்கும், ஒதுங்கி அமரும் மனத்தின் கலைக்கும் உள்ள வேறுபாடு இது. (தேரைப் பார்த்துவிட்டுக் குடைவரையைப் பார்க்காமல் பேருந்துக்கு விரைவோரையும் கண்டிருக்கிறோம்.)

இனி அந்தக் குளிர்ச்சிக்கு வருவோம். பாறை மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும். பகல் வெப்பம் உட்புகுமுன் இரவு வந்துவிடுகிறது. எனவே பாறையின் உட்பகுதி நண்பகலின் கொடுமையையும் அறியாது, விடியலின் குளிரையும் அறியாது, நடுநிலையிலேயே நிற்கிறது. வெளியே கண்கூசும் ஒளி, உள்ளே மங்கல். வெளியே காற்றின் இரைச்சல், உள்ளே அடக்கம். வியர்த்த உடல் ஆறுகிறது, மூச்சு நிதானப்படுகிறது, எண்ணம் ஓய்கிறது. இதில் அருளுக்கு என்ன வேலை?

மேனாட்டார் இதனை அளந்தும் பார்த்திருக்கின்றனர். ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர் 1984இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் ஏடுகளை ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர். செங்கற்சுவரைக் கண்டவர் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் சராசரியில் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆயினும் அதன்பின் எழுந்த ஆய்வுகளுக்கு வழிகாட்டியது. அந்த மரங்களுக்கு எவரும் பூசை செய்யவில்லை, மந்திரம் ஓதவில்லை.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு வந்தால் வாதம் இன்னும் தெளிவுபடும். அங்குள்ள அறிவர் கோயில் சமணர் குடைவரை. அதன் உள்ளறை பத்தடிக்குச் சற்றுக் குறைவான சதுரம். அதனுள் நின்று வாய் மூடி மெல்ல முனகினால் அறை முழுவதும் ஒரு ரீங்காரம் எழுகிறது. "ஓங்காரம் கேட்கிறது!" என்று வருவோர்க்குச் சொல்லுகின்றனர் சிலர்.  எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியலைகள், அறையின் அகலத்துக்கு இசைந்த சுருதியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பெருகுகின்றன. அறையை நேர்கோணத்தில் வழுவழுப்பாகச் செதுக்கியதால் வந்த விளைவு அது. வேறு சுருதியில் முனகிப் பாருங்கள், ஓங்காரம் ஓடிவிடும்! நாம் பள்ளி மாணவரை அழைத்துச் சென்றபோது, எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சுருதியை ஏற்றியும் இறக்கியும் தானே இதனைக் கண்டுபிடித்தான். அவனுக்கு அந்த அறையின் மீது வியப்புக் குறையவில்லை, கூடியது.

அந்தக் கோயிலின் முன்மண்டப விதானத்தில்தான் புகழ்பெற்ற தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. சுண்ணச் சுதையின் மேல் தீட்டிய வண்ணம். தாமரை இலைகளும் மொட்டுகளும் மலர்களும் நெருங்கிய நீர்ப்பரப்பு. இடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மூன்று ஆடவர் நீரில் இறங்கி மலர் கொய்கின்றனர். முதலில் இதனை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது என்று எழுதினர். பின்னர், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கியதைக் கூறும் கல்வெட்டைக் கொண்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீவல்லபன் காலத்தது என்று தெளிந்தனர். அருகர் திருமுன் செல்லும் நல்லோர் கடந்து செல்லும் குளம் இது என்பது சமணர் தரும் விளக்கம்.

விளக்கம் இருக்கட்டும். ஓவியனைக் கேட்போம். புதுக்கோட்டைச் சீமை வறண்ட சீமை. வற்றாத ஆறு அதற்கு இல்லை. வானம் பார்த்த கண்மாய்களும், பாறை இடுக்கில் தேங்கும் சுனைகளுமே அதன் நீர்ச்செல்வம். அப்படிப்பட்ட மண்ணில், சுட்டெரிக்கும் பாறையின் வயிற்றுக்குள், தலைக்கு மேலே ஒரு குளத்தை ஓவியன் விரித்தான்! மறுமைக் குளத்தைத் தீட்டச் சொன்னார்கள். அவனோ மாரி பெய்த ஆண்டில் தன் ஊர்க் கண்மாய் நிறைந்திருந்த கோலத்தைத் தீட்டினான் என்றே நமக்குத் தோன்றுகிறது. எருமை இறங்கிய குளத்தை மறுமையில் எவர் கண்டார்? இலை மடங்கிச் சாயும் விதமும், தண்டு வளையும் விதமும் கண்ணால் கண்டு நெஞ்சில் தேக்கிய நினைவிலிருந்தே வரக்கூடியவை. நம் ஊர் மாணவர்கள் அதனை அண்ணாந்து பார்த்தவுடன் தத்தம் ஊர்க் குளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்குக் காரணம் வேறென்ன? ஓராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவனுடைய நினைவு, இன்றைய சிறுவனுடைய நினைவைத் தட்டி எழுப்புகிறது. கலை செய்யும் பணி இது. தன்மான இயக்கத்துப் பாவலர் பாரதிதாசன் 'அழகின் சிரிப்பு' என்று ஒரு நூலையே இயற்கைக்குத் தந்தபோது, கடவுளை அழைத்து வந்து அதற்கு அணிந்துரை வாங்கவில்லை என்பதை நம் தோழர்கள் நினைவிற் கொள்க.

அதே குன்றின் மற்றொரு பக்கத்தில் ஏழடிப்பட்டம். ஏறிச் செல்லப் பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்த பெயர். அங்கே தலையணை போன்ற மேட்டுடன் வழவழப்பாக இழைத்த கற்படுக்கைகள் 17 உள. அவற்றுள் ஒன்றன் அருகே ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ் எழுத்து. குமிழூரிற் பிறந்த காவுடி ஈதன் என்னும் துறவிக்குச் சிறுபொசில் இளையார் செய்த இருக்கை என்று அது கூறுகிறது. மன்னன் பெயர் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. இருக்கைக்கு உரியவனும் செய்தவனும் நேருக்கு நேர் நிற்கின்றனர். குன்றாண்டார்கோவிலில் நாம் தேடிக் காணாத பெயருக்கு ஈடாக, இந்த ஒரு பெயரையாவது நம் மாணவர் மனப்பாடம் செய்யட்டும்; மன்னர் பட்டியலில் இரண்டு குறைந்தாலும் குற்றமில்லை.

இதுவரை கூறியதெல்லாம் இனிய பகுதி. நம்மை உறுத்துவது வேறு. கலையும் இயற்கையும் அமைதி தரும் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். எவருக்கு என்று கேட்பதில்லை. குடைவரைக் கருவறையின் இருமருங்கும் காவலர் உருவங்கள் நிற்கின்றன. அவர்கள் யாரைத் தடுக்க நின்றார்கள்? அந்தப் பாறையைக் குடைந்தவனின் பேரப்பிள்ளைகள் எத்தனை நூற்றாண்டு அதன் நிழலில் அமர்ந்திருக்க முடியும்? கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. 75 ஆண்டுகள் சென்றபின், 2022 டிசம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அதனை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், அருகிலுள்ள இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படுவதில்லை என்று அறிந்து, தாமே அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அப்பொழுதே வெளிப்பட்டது. விதானத்தில் தாமரைக் குளம் தீட்டிய சீமையில், தொட்டியில் இருந்த குடிநீருக்கு நேர்ந்த கதி இது! சித்தன்னவாசல் ஓவியத்தைப் போற்றி நூறு கட்டுரை எழுதும் கலை விமர்சகர்கள் இதனைத் தம் துறைக்கு அப்பாற்பட்டது என்பார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. ஒருவன் அஞ்சாமல் தண்ணீர் குடிக்கக்கூடிய ஊரில்தான் ஓவியத்துக் குளம் அவனுக்கு அமைதி தரும்.

மற்றொன்று, கல்லே போகிறது. அன்று உளியால் விரற்கடை விரற்கடையாகப் பெயர்த்த பாறையை இன்று வெடிவைத்துப் பெயர்க்கின்றனர். மாவட்டத்தின் பல பக்கங்களில் கல்குவாரிகள். சட்டத்துக்கு உட்பட்டவை உண்டு. உட்படாதவற்றைக் குறித்து மக்கள் முறையிட்டதும் உண்டு. திருமயம் பக்கத்துக் குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனுமேல் மனுக் கொடுத்துவந்த சகபர் அலி, 2025 சனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குன்றின் அமைதியைப் பற்றி எழுதுவோர் அவர் பெயரையும் எழுத வேண்டும். அவர் ஓவியர் அல்லர், சிற்பியும் அல்லர். ஆயினும் கல் கல்லாக இருக்க வேண்டும் என்று நின்றவர்.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: "சோறில்லாதவனுக்கு ஓவியம் எதற்கு? போராட்டக்காரனுக்குக் குன்றின் நிழல் எதற்கு?" கேள்வி நேர்மையானதே. எனினும், உழைப்பவனுக்குச் சோறு மட்டும் போதும் என்று முதலில் சொன்னவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்வும் அழகும் நமக்கு, உழைப்பு உனக்கு என்று பங்கு பிரித்தவர்கள் அல்லவா அவர்கள்! அந்தப் பங்கீட்டை நாமும் ஒப்புக்கொண்டு, சிற்றூர் இளைஞனை அவன் பாட்டன் செதுக்கிய தூணருகே அமரவேண்டாம் என்று தடுப்பது என்ன நியாயம்? கும்பிடாமல் செல்லலாம், தட்டில் காசு போடாமல் திரும்பலாம், ஆனால் செல்லாமலே இருந்து அவ்விடத்தைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

செல்வோர் மார்கழி, தைத் திங்களில் செல்க. மழைக்குப் பின் சித்தன்னவாசலின் நாவற்சுனையில் நீர் இருக்கும், பாறையும் காலைச் சுடாது. அறிவர் கோயிலின் வாயில் தூண்களைப் பழையவை என்று எண்ணி மயங்க வேண்டாம். அவை சமத்தான ஆட்சிக் காலத்தில், நிருவாகி டாட்டன்ஹாமின் யோசனைப்படி குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. ஓவியத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. வந்தவர்கள் கீறிய கீறலும் அதற்கு ஒரு காரணம். எனவே கை வைக்காதீர்கள். உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியவில்லையே என்று திரும்பிவிடவும் வேண்டாம். சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். இருளுக்குக் கண் பழகியபின் முதலில் இலைகள் தெரியும், அதன்பின் மீன்கள்.