முப்பத்தாறாம் பக்கம்

இராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் என்றதும் எல்லோரும் அதோடு வைத்து அனுப்பிய தாள்களைத்தான் பேசுவார்கள். சுமார் 120 தேற்றங்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாள்களுக்கு முன்னால் ஒரு சின்ன முகப்புக் கடிதம் இருக்கிறது. முன்பின் தெரியாத, தன் துறையின் பெரிய மனிதர் ஒருவரை எப்படி அணுகுவது என்பதற்கு அதைவிட அழகான கடிதத்தை நான் படித்ததில்லை.

தொடக்கத்தைப் பாருங்கள். தங்கள் புகழ் கடல் கடந்து வந்தது என்ற பீடிகை கிடையாது. மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டுதான், வயது ஏறக்குறைய 23 என்கிறார். (உண்மையில் 25 முடிந்திருந்தது.) பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்போடு சரி, ஓய்வு நேரத்தில் கணிதம். எதிராளி மனதில் எழக்கூடிய ஐயங்களை எல்லாம் தானே முதலில் எடுத்து வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான், உள்ளூர்க் கணித அறிஞர்கள் தம் முடிவுகளை வியப்புக்குரியவை என்று சொல்வதாக ஒரு வரி. தன்னைப் பற்றிய பாராட்டை மற்றவர் வாயில் வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுகிறார்.

அடுத்து வரும் நயம் இன்னும் நுட்பமானது. ஓர் எண்ணின் அடுக்கு எதிர்மமாகவோ பின்னமாகவோ இருந்தாலும் பள்ளிக் கணிதத்தில் அதற்கு ஒரு பொருள் கொடுக்கிறோமே, அதுபோலத்தான் ஆய்லரின் ஒரு தொகையீட்டுக்கு எல்லா மதிப்புகளிலும் பொருள் கொடுத்துப் பார்க்கிறேன் என்கிறார். முறையாகப் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர்கள் அது செல்லாது என்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. தன் முறை முழுவதையும் விளக்க முயன்றிருந்தால் கடிதம் தாங்காது. எந்தப் பாதையில் போகிறார் என்பது மட்டும் ஹார்டிக்குத் தெரிந்தால் போதும். எதைச் சொல்லாமல் விடலாம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவு என்னை அசத்துகிறது.

இவற்றுக்கெல்லாம் சிகரம் முப்பத்தாறாம் பக்கம். ‘ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’ என்ற ஹார்டியின் சிறுநூல் 1910இல் வந்தது. அதன் 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உண்டு என்பதைத் திட்டமாகத் தரும் கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உண்மை விடைக்கு மிக அருகில் வரும் ஒன்று என்னிடம் இருக்கிறது. இவ்வளவுதான் அவர் சொல்வது. உங்கள் நூலைப் படித்து மகிழ்ந்தேன் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பக்க எண்ணை எழுத, அந்தப் பக்கத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அதுவும் ஹார்டி வெற்றி பெற்ற இடம் அல்ல, அவர் திறந்தபடி விட்டுவிட்டுப் போன இடம்.

இன்று லிங்க்ட்இனில் வந்து குவியும் செய்திகளில் பெரும்பாலானவை, பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். உங்கள் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்ற வரியை ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். இராமானுஜனின் வரியை ஹார்டி ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற கணித அறிஞர்கள் இருவருக்கும் முன்பே எழுதிப் பார்த்துப் பலன் கிடைக்காத பிறகு வந்த கடிதம் இது. மேலதிகாரி நாராயண ஐயர் போன்றவர்கள் ஆங்கிலத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள் என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பக்கத்தைக் கண்டெடுத்த கண் இராமானுஜனுடையது.

பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது பிறகு சரியல்ல என்று தெரிந்தது. பிழை அவர் நினைத்ததைவிடப் பெரியது. கடிதத்தின் அழகு அதனால் குறையவில்லை. ஹார்டியை உள்ளே படிக்க வைக்கும் வேலையை அந்த வரி செய்தது, மீதியைத் தேற்றங்கள் பார்த்துக்கொண்டன.

முடிவில் கேட்பதும் சிறிதுதான். தாள்களைப் பாருங்கள், மதிப்புள்ளது என்று தோன்றினால் வெளியிட விரும்புகிறேன், நான் ஏழை, அனுபவம் இல்லாதவன், நீங்கள் தரும் எந்த அறிவுரையையும் பெரிதாக மதிப்பேன், தொந்தரவுக்கு மன்னியுங்கள். வேலை கேட்கவில்லை, கேம்பிரிட்ஜுக்கு அழையுங்கள் என்றும் சொல்லவில்லை. ‘தோன்றினால்’ என்ற அந்த ஒரு சொல்லில் ஹார்டிக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துவிடுகிறார்.

ஹார்டி பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். முடிவுகளை மூன்று வகையாகப் பிரித்து, ஏற்கெனவே தெரிந்தவை எவை, புதியவை எவை, புதியதும் முக்கியமானதும் எவை என்று சொல்லி, நிரூபணங்களைக் கேட்டார். அந்த மாதக் கடைசியில் இராமானுஜன் எழுதிய இரண்டாம் கடிதத்தில்தான் பெரிய கோரிக்கை வருகிறது. என் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் நண்பராக உங்களைக் கண்டேன் என்று தொடங்கி, மூளையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சோறு வேண்டும், உதவித்தொகை கிடைக்க உங்கள் ஆதரவுக் கடிதம் ஒன்று இங்கே பயன்படும் என்று நேராகவே கேட்டுவிடுகிறார். முதல் கடிதத்தில் இதே வேண்டுகோள் இருந்திருந்தால் மனுவாகப் போயிருக்கும். பதில் வந்த பிறகு கேட்டதால் நண்பரிடம் கேட்டதாக ஆகிவிட்டது. மே மாதத்தில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்திடமிருந்து அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. போர்ட் டிரஸ்டில் அவர் சேர்ந்தபோது சம்பளம் 30.