குளத்தூர்க் கோபுரமும் கொடை வில்லும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்துக்கு நான் வந்து சேர்ந்தது மகனின் வேலையை ஒட்டி. அவன் டெக்னோபார்க்குக்குப் போன பிறகு எனக்கு நடைதான் பொழுதுபோக்கு. அப்படி நடந்த ஒரு காலையில், பக்கத்து ஊரான குளத்தூரில்தான் பழைய ரேடியோ நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் இருந்தது என்று கூட வந்தவர் சொன்னார். திருவிதாங்கூர் அரசு 1943 மார்ச்சில் ஒலிபரப்புத் தொடங்கியபோது அதன் 5 கிலோவாட் சாதனத்தை அங்கேதான் நிறுத்தினார்கள். 1950-இல் அகில இந்திய வானொலி அதை ஏற்றுக்கொண்டது.

குளத்தூர் என்றதும் எனக்கு வேறு நினைவுதான் வந்தது. திருவிதாங்கூர் மன்னரை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் குளத்தூர்ப் பிள்ளை, இன்னொருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மன்னர் மார்த்தாண்டவர்மர் அவர்களை அடக்கி, வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்று இந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். அதே காலத்துப் பகையில் செத்த, முந்தைய மன்னரின் மக்களான தம்பிமாரின் கதையை, நான் பிறந்த தோவாளைப் பக்கத்தில் கோயில் கொடைகளில் வில்லடித்துப் பாடுவார்கள். தோற்றவர்களைப் பாடித் தெய்வமாக்குவது எங்கள் வழக்கம்.

வானொலியில் வந்த வில்லுப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு சிறப்பு மலரின் குழுவினர் கேட்டார்கள். அதற்கு முதலில் வில்லுப்பாட்டின் பாணிகளைச் சொல்லியாக வேண்டும்.

மூத்தது கொடைப் பாணி. நடுவில் பாட்டை நடத்தும் அண்ணாவி, எதிரே நீண்ட வில். அதன் நாணில் அவர் வீசுகோல்களைத் தட்ட, வில்லில் தொங்கும் மணிகள் குலுங்கும். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் ஒருவர் பத்தையால் அடிப்பார். உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சூழ்ந்து நிற்கும். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் என்று வரிசையாகப் பாடி, கதைக்குள் போய், வாழ்த்துப் பாட்டான வாழியில் முடிக்க வேண்டும். கதை இரண்டு வகை: ஐயன் சாஸ்தா போன்ற தெய்வப் பிறப்பு ஒன்று, வெட்டுப்பட்டுச் செத்து வாதையாகி நிற்பவர்களின் கதை மற்றொன்று. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் எங்கள் பக்கம் வந்து தங்கி ஆராய்ந்து 1988-இல் எழுதிய நூலின் பெயரிலேயே பிறப்பும் இறப்பும் உண்டு. இந்தப் பாணியில் பாட்டு நன்றாக இருந்ததா என்பதைச் சொல்வது கூட்டம் அல்ல, சாமியாடிதான். கதையில் வெட்டு விழும் இடத்தில் அவருக்கு ஆராசனை, அதாவது சாமி, வரவில்லை என்றால் அண்ணாவிக்கு அன்று தலைகுனிவு. ஆண்களின் தொழிலாக இருந்த அந்த இடத்தில் உட்கார்ந்து, கை வலிக்க வலிக்க வீசுகோல் வீசிய பூங்கனி அம்மாள் 2018-இல் மறைந்தார். கூலிக்குப் பாடி வறுமையில் முடிந்தவர்கள் இந்தத் தொழிலில் பலர்.

அடுத்தது மேடைப் பாணி. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை ஊர்க்கோயிலிலிருந்து நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். காந்தி கதை வில்லுக்கு வந்தது. கொத்தமங்கலம் சுப்பு, சாத்தூர் பிச்சைக்குட்டி, நெல்லைப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போன சுப்பு ஆறுமுகம் என்று ஒரு வரிசை. 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் அடுத்த ஆண்டே காலமானார். இந்தப் பாணியில் சிரிப்புக்கு முதலிடம். சாமி வராது, கைதட்டல் வரும். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் இவர்கள் இல்லாவிட்டால் சென்னையில் ஒருவருக்கும் வில்லைத் தெரிந்திராது.

திருவனந்தபுரம் பக்கத்தில் மலையாளத்திலும் பாடுகிறார்கள், வில்லடிச்சான் பாட்டு என்று பெயர். கணியாகுளத்தில் விழுந்த இரவிக்குட்டிப்பிள்ளையின் கதையைக் கேட்டால் எந்த வரி தமிழ், எந்த வரி மலையாளம் என்று பிரிப்பது பாடு. 1956 நவம்பரில் மாநில எல்லை போட்டவர்கள் பாட்டைக் கேட்டுப் போடவில்லை.

இனி வானொலிக்கு வருவோம். ஒலிநாடாவில் பதிந்து வைக்கும் வழக்கம் பரவும்வரை எல்லாமே நேரடி ஒலிபரப்பு. கொடையில் ஆறேழு மணி நேரம் போகும் கதையை அரை மணியில் சொல்ல வேண்டும். என் மாமா ஒரு குழுவில் குடம் அடித்தவர். ஸ்டுடியோ என்றால் அவருக்குக் கடைசிவரை பயம். துணியொட்டிய சுவர், நடுவில் ஒற்றை மைக், சுவரில் சிவப்பு விளக்கு. குடத்தின் ஒலி மற்றதை விழுங்கிவிடும் என்று அவரை மூலைக்குத் தள்ளினார்களாம். குடத்துக்கும் வில்லுக்கும் உள்ள கட்டை அவிழ்க்கச் சொன்னபோது அண்ணாவி மறுத்துவிட்டார். கடைசியில் வில்லையே திருப்பிப் போட்டு, குடத்தின் வாயை மைக்குக்கு முதுகு காட்டி வைத்து, அடியில் வைக்கோல் பிரிமணைக்குப் பதில் மாமாவின் தலைத்துண்டைச் சுற்றி வைத்தார்கள். அடித்துப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்தினார். அது எதற்கு என்று மாமாவுக்குப் புரியவில்லை.

மத்திய அலையில் உச்ச ஒலிகள் தேய்ந்துபோகும். வில்லின் மணிகள் எங்கள் ரேடியோவில் எண்ணெயில் கடுகு பொரிவதுபோலத்தான் கேட்டன. ஆனால் உடுக்கையின் இழுப்பும் குடத்தின் தாழ்ந்த ஒலியும் முழுசாக வந்தன. கெட்டிக்கார அண்ணாவிகள் இதைப் பிடித்துக்கொண்டு, மணியைக் குறைத்து உடுக்கையை ஏற்றினார்கள். இன்னொன்று, அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. மேடையில் ஆர்மோனியத்தில் சாய்ந்து பாடியவர்கள் வானொலியில் தடுமாறினார்கள். கொடைப் பாணிக்காரர்களுக்கோ உடுக்கையே சுருதி. யாரையும் நினைத்துப் போட்ட தடை இல்லை, இருந்தாலும் நல்ல தொண்டைகளை அது காட்டிக்கொடுத்தது.

கடினமானது வேறு. கொடையில் அண்ணாவி ஒரு வரி சொன்னால் ஊரே ‘ஆமா’ போடும். ஸ்டுடியோவில் பக்கப்பாட்டுக்காரர் ஒருவரே ஊராக வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 1925-இல் தொடங்கிய கிராண்ட் ஓலே ஓப்ரி என்ற நாட்டுப்பாட்டு ஒலிபரப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். கேட்க வந்த கூட்டத்தை அவர்கள் உள்ளேயே உட்காரவைத்தார்கள். இங்கே குளத்தூரில் டிரான்ஸ்மிட்டர் நின்ற அதே 1943-இல் ரைமன் அரங்கத்துக்கே மாறிப்போனார்கள். நம் நிலையங்கள் கூட்டத்தை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தின. ஆகவே வானொலி வில்லுக்கு நான் வைக்கும் உரைகல் இதுதான்: அந்த ஒற்றை ‘ஆமா’வில் ஊர் கேட்டதா? கேட்கும்படி போட்டவர்கள் சிலரே. மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதுபோல் சொன்னார்கள்.

திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது. நாட்டின் முதல் உள்ளூர் நிலையம் 1984-இல் நாகர்கோவிலிலேயே அமைந்தது. பண்பலையில் மணிகள் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் அதற்குள் நாடா வந்துவிட்டது. பிசகினால் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். பிசகுக்குப் பயந்து பாடிய அந்தக் குரல் நாடாவில் இல்லை.

மாமாவின் குழு பாடிய ஒரு நேரடி ஒலிபரப்பு நினைவில் நிற்கிறது. எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் ஊரே கூடியிருந்தது. பாட்டி முன்வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வால்வு சூடேறி, பச்சைக் கண் சுருங்கி, முத்துப்பட்டன் கதை வந்தது. குடம் விழும்போதெல்லாம் பாட்டி என் முதுகில் தட்டுவாள், ‘கேளு, உன் மாமன்.’ பட்டன் செத்துவிழும் இடத்தில் அண்ணாவி கொஞ்சம் நீட்டிவிட்டார். அவன் மனைவியர் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்கினார்கள், அவ்வளவுதான். பாட்டு பாதியில் அறுந்தது. ஒரு விநாடி மௌனம். பிறகு அறிவிப்பாளர் நிதானமாக நெல் விலையும் வாழைத்தார் விலையும் சொல்லத் தொடங்கினார்.

திண்ணையில் யாரும் எழவில்லை. வாழி பாடாமல் கதையை நிறுத்தினால் கேட்டவர் வீட்டுக்கு ஆகாது. ‘வாழி இல்லாம எந்திரிக்கப்பிடாது’ என்றாள் பாட்டி. விலைவாசி ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டு, தன் நடுங்கும் குரலில் ஊருக்கும் மழைக்கும் ஆடுமாட்டுக்கும் வாழி சொல்லி முடித்தாள். அதன் பிறகே வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் மதியம் மாமா குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்தார்களாம். இருந்தும் அண்ணாவி நிறுத்தாமல் முழு வாழியும் பாடித்தான் வில்லைக் கீழே வைத்தாராம். குடத்தை இறக்கக்கூட இல்லை, நேரே பாட்டியிடம் வந்து கேட்டார்:

‘எம்மா, வாழி கேட்டுதா?’

பாட்டி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தவில்லை.

‘கேட்டுதுடே, மக்கா.’