குதிரைமுடி காட்டும் திசை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டெசொலேஷன் சிகரத்தின் உச்சியில் ஒரு காட்டுத்தீக் காவல் குடில் இருக்கிறது. நாலு பக்கமும் ஜன்னல். 1956 கோடையில் எழுத்தாளர் ஜாக் கெரொவாக் அங்கே தனியாகக் காவல் இருந்தார். எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ அப்படிப்பட்ட குடில்களின் நடுவில் நிற்கும் கருவிதான் அதிசயம்.

ஆஸ்போர்ன் தீகாட்டி என்று பெயர். வட்டமான வரைபடம், குடில் இருக்கும் இடமே அதன் மையம். சுற்றிலும் பாகைக் குறிகளும் சுழலும் வளையமும். அதன் ஒருபுறம் சின்னப் பிளவு, எதிர்ப்புறம் செங்குத்தாகக் கட்டிய ஒரு குதிரைமுடி. தொலைவில் புகை தெரிந்தால் வளையத்தைத் திருப்பி, பிளவு வழியே பார்த்து, முடியைப் புகைமேல் நிறுத்த வேண்டும். பாகையை வானொலியில் சொன்னால் போதும். இன்னொரு மலைக் காவலர் சொல்லும் பாகையின் கோடு இந்தப் பாகைக் கோட்டை வெட்டும் இடத்தில் தீ.

எவ்வளவு எளிமை! மின்சாரமே வேண்டாம். இடி மின்னல் வேளையில், கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய ஸ்டூல் மேல் நின்று காவலர்கள் இதைத் திருப்பினார்கள். மின்னல் பாயாமலிருக்க அந்தக் கண்ணாடி. செயற்கைக்கோள் காலத்திலும் பல குடில்களில் இந்த வளையம் சுழன்றுகொண்டிருக்கிறது.