கீழூரில் வாக்களித்தவர்கள் யார்?

அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பம், பிரம்மஞான சபையின் முதல் தலைவர் கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சபைக்குப் பின்னர் தலைமையேற்ற அன்னிபெசன்ட் 1916இல் தொடங்கிய தன்னாட்சி இயக்கம், இந்தியர் தம்மைத் தாமே ஆளும் உரிமையைக் கோரியது. அதே கடற்கரையில் தெற்கே, புதுச்சேரியின் எதிர்காலத்துக்கு மக்களின் சம்மதம் எவ்வாறு பெறப்பட்டது என்பதை நமது வரலாற்று எழுத்துகள் போதிய கவனத்துடன் ஆராய்வதில்லை.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் நடந்ததை 'மக்கள் வாக்கெடுப்பு' என எழுதுவது வழக்கமாகிவிட்டது. அன்று வாக்களித்தோர், பிரதிநிதித்துவ சபையையும் நகராட்சி மன்றங்களையும் சேர்ந்த 178 உறுப்பினர்களே. 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். மக்கள் நேரடியாக வாக்களித்தது சந்திரநாகூரில்தான். அங்கே 1949 ஜூன் 19இல் 7,473 பேர் இந்தியாவையும், 114 பேர் பிரெஞ்சு ஒன்றியத்தையும் தெரிவு செய்தனர்.

தொடர்புடைய மக்களின் சம்மதமின்றி நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பது செல்லாது என்பது 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பின் விதி. 1948இல் வாக்கெடுப்பும் உறுதியளிக்கப்பட்டது. ஆயினும் 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள், அச்சமற்ற வாக்களிப்புக்குரிய சூழல் அங்கில்லை எனக் கண்டனர். எனவே மாற்றுவழி தேடியதற்குக் காரணம் உண்டு. மாற்றுவழியை மூலத்தின் பெயரால் அழைப்பதே பிழை. பிரெஞ்சு ஆதரவாளராக விளங்கிய எதுவார் குபேர் 1954இல் இணைப்பின் பக்கம் வந்தார். பிரதிநிதியின் மனமாற்றமும் வாக்காளரின் தீர்ப்பும் ஒன்றல்ல.

சைகோன் வரை வணிகத் தொடர்பு கொண்டிருந்த காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. தம் மண்ணைக் குறித்துக் கேட்கப்படாதவர்கள், தம் குடியுரிமையைக் குறித்து மட்டும் கேட்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூலை 1இல் அல்ஜீரிய மக்களோ தம் விடுதலைக்குத் தாமே வாக்களித்திருந்தனர்.

இணைப்பு தவறென்பது நமது வாதமன்று; பெரும்பான்மையோரின் விருப்பம் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் விருப்பத்தை ஊகிப்பதும் கேட்டறிவதும் வேறு. 1969இல் இந்தோனேசியா, ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் கூட்டி மேற்குப் பாப்புவாவின் தீர்ப்பைப் பெற்றதை, அது முஸ்லிம் பெரும்பான்மை நாடு என்பதற்காக நாம் நியாயப்படுத்த இயலாது. ஷூறா எனும் கலந்தாலோசனையை ஆட்சியின் அடிப்படையாகப் போற்றும் சமூகம், எவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது என்ற வினாவை எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலால் எழுப்பக் கடமைப்பட்டுள்ளது. கீழூரைப் பற்றி இனி எழுதுவோர், 178 என்ற எண்ணை மறைக்காமல் தொடங்கட்டும்.