புள்ளி தெரிகிறதா?

மின்னூல் கருவி வாங்கக் கிளம்புகிறவர்கள் பேட்டரி எத்தனை வாரம் வரும், எத்தனை ஜிபி, தண்ணீர் பட்டால் தாங்குமா என்றுதான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் அலமாரியிலிருந்து ஒரு டெம்மி 1/8 புத்தகத்தை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாருங்கள் என்பேன். அகலம் 14 சென்டிமீட்டர், உயரம் 21 சொச்சம் இருக்கும். தமிழில் படிப்பவருக்கு எந்தக் கருவி சரிப்படும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். மற்றதெல்லாம் எல்லாக் கருவியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

காரணம், நாம் படிப்பதில் பாதி ஸ்கேன் பிடிஎஃப். கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்ததே 2016 டிசம்பரில்தான். அதற்குப் பிறகு வந்த நாவல், சிறுகதைத் தொகுப்பு என்றால் வாங்கிவிடலாம். கல்கி மாதிரி நாட்டுடைமையானவர்கள் என்றால், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த பிரதியே இருக்கும். ஆனால் ஒரு பழைய சைவ சித்தாந்தக் கழகப் பதிப்பு வேண்டும், எப்போதோ நின்றுபோன சிற்றிதழின் நான்காம் இதழ் வேண்டும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், ஈழத்து நூல் என்றால் 'நூலகம்' தளம், இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவ். அங்கெல்லாம் பெரும்பாலும் கிடைப்பது பக்கத்தைப் பிடித்த படம். எழுத்தைப் பெரிதாக்கு என்று கருவியிடம் சொன்னால் அதற்குப் புரியாது. அதைப் பொறுத்தவரை அது எழுத்தே இல்லை.

சில மாதங்களாக வீட்டில் இரண்டு கருவிகள் புழங்குகின்றன. ஒன்று 6 அங்குலம், மற்றது 10.3. சின்னதின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை எந்த 6 அங்குலக் கருவிக்கும் பொருந்தும்.

தட்டச்சு செய்த நூல் என்றால் சின்னதுக்கு நிகர் கிடையாது. 170 கிராம் சுற்றித்தான் எடை. ரயிலில் விளக்கை அணைத்த பிறகு, எதிர் பெர்த்காரர் முறைக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, மஞ்சளாக மாற்றிக்கொண்டு படுத்தபடி படிக்கலாம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் பேண்ட் பாக்கெட்டில் போகிறது. ஒரே ஒரு எரிச்சல். நம் சொற்கள் நீளம். 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று ஒரு சொல் வந்தால் பெரிய எழுத்தில் அதுவே ஒரு வரியை விழுங்கிவிடும். மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இருபுறமும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு மைதானத்தை விட்டிருப்பார்கள். வரியை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அது இல்லாத கருவியைத் தொடாதீர்கள்.

அதே கருவியில் ஒரு ஸ்கேன் நூலை ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, புள்ளிய எல்லாம் எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றாள்.

அம்மா சொன்னது துல்லியம். 6 அங்குலத் திரை என்பது 9 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். டெம்மி பக்கத்தை முழுசாக அதில் அடைத்தால் பாதியை விடக் கொஞ்சம்தான் மிஞ்சும். 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 6 புள்ளியாகிவிடும். ஆங்கில எழுத்து அந்த அளவிலும் ஒப்பேற்றிக்கொள்ளும். தமிழில் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து ரகரத்தின் கால், பிறகு இகரக் குறியும் ஈகாரச் சுழியும் ஒன்றாகிவிடும். 'பத்து' என்பது 'பதது' ஆகும். பழகிய உரைநடையை ஊகித்துப் படித்துவிடலாம். பாட்டும் உரையுமாக இருக்கும் பதிப்பை ஊகித்துப் படிக்க முடியாது. போதாக்குறைக்குப் பழுப்பேறிய தாள். கலர் ஸ்கேனில் அழகாகத் தெரியும் அந்தப் பழுப்பு, இ-இங்க் திரையில் சாம்பல் பூசிய சுவராகி எழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இங்கேதான் கேஓரீடர் என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. கோபோ கருவிகளில் சுலபமாக ஏற்றலாம், ஆண்ட்ராய்டில் இயங்கும் கருவிகளிலும் ஓடும். கிண்டிலில் பூட்டை உடைத்தால்தான் உண்டு. இது நாலு பக்க ஓரத்தையும் தானே வெட்டிவிடும். டெம்மியில் அச்சுப் பகுதி மட்டும் சுமார் 10.5-க்கு 17 சென்டிமீட்டர். ஓரம் போனதும் 6 புள்ளி எழுத்து 8 புள்ளியாகிறது. கான்ட்ராஸ்டை ஏற்றினால் சாம்பல் வெளுத்து எழுத்து கறுக்கும், புள்ளிகளும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் எழுத்து அச்சில் இருப்பதை விடவும் பெரிதாகும். பக்கத்துக்கு மூன்று முறை தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாகக் கத்தரித்துத் திரைக்குத் தக்கபடி மறுபடி அடுக்கித் தருகிறது. அதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. வெள்ளை இடைவெளி எங்கே என்று மட்டும் பார்க்கிறது. ஆகவே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகவே நடத்துகிறது, நம் ஊருக்கு விற்கும் பல மென்பொருள்களிடம் கிடைக்காத மரியாதை இது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்சம் யோசிக்கும், பொறுக்க வேண்டும். உரைநடைக்கு அமர்க்களம். செய்யுளுக்கு வேண்டவே வேண்டாம். அடிகளை ஒட்டி ஆசிரியப்பாவை வசன கவிதையாக்கிவிடும்.

பிடிஎஃபை இ-பப் ஆக மாற்றிக்கொண்டால் என்ன என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃபை மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் தமிழாகத் தெரிந்தது, உள்ளே இருக்கும் குறியீடு வெளியே வந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த மந்திரமாகிவிடும். இதையெல்லாம் முன்பே பட்டு உணர்ந்துதான் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தார் இ-பப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃபும் போடுகிறார்கள். கருவி செய்பவர்கள் யோசிக்காததைத் தன்னார்வலர்கள் யோசித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு 10.3 அங்குலம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. திரை 15.7-க்கு 21 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு டெம்மி பக்கமேதான். ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்து அச்சை விடப் பெரிது. அம்மா இப்போது அதைத் திருப்பித் தருவதில்லை. ஆனால் எடை 400 கிராம் பக்கம், உறை போட்டால் இன்னும் கூடும். மேஜையிலோ மடியிலோ வைத்துப் படிக்க வேண்டிய பொருள். நின்றுகொண்டு போகிற மின்சார ரயிலில் ஒரு கையால் பிடிக்கிற பொருள் இல்லை. பேனாவும் வரும், குறிப்பு எழுதலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். மளிகை லிஸ்ட் தவிர நான் எதுவும் எழுதியதில்லை.

வீட்டுக்கும் பயணத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் 6 அங்குலத்தை மறந்துவிடலாம். 7 அங்குலத்தில் ஓரம் வெட்டிய டெம்மி பக்கம் நின்றவாக்கிலேயே 9 புள்ளி எழுத்தோடு தெரியும். அம்மா வயதுக்காரர்களுக்குப் பற்றாது, எனக்குப் பரவாயில்லை. 7.8 அங்குலத்தில் 10 புள்ளி, அதாவது அச்சுக்கு ஒரு நூல்தான் குறைவு. தேடித்தான் வாங்க வேண்டும், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. கூடவே, கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-ஓடு அமேசான் எடுத்துவிட்டது. கேஓரீடருக்கும் கிண்டிலில் பூட்டை உடைக்க வேண்டும். ஆகவே சொந்தப் பிடிஎஃப் குவியல் வைத்திருப்பவர்கள் பூட்டில்லாத கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டு பத்தி பத்திரிகைப் பக்கம், ஏ4 அளவு விழா மலர் இவற்றை மட்டும் இதில் எதிலும் முயல வேண்டாம். அதற்குக் கணினித் திரைதான்.