டெமோ பார்க்கும் முறை

டெமோ என்பது கணிப்பொறிக்காக எழுதப்பட்ட ஒரு சிறு நிரல். அது யாருக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை, சம்பளப் பட்டியல் போட்டுத் தருவதில்லை, விளையாடவும் உதவாது. ஓடவிட்டால் சில நிமிஷங்கள் திரையில் உருவங்களும் ஒலிபெருக்கியில் சங்கீதமுமாக விரிந்து, பிறகு தானே முடிந்துவிடும். இந்த நிஷ்பிரயோஜனமான காரியத்துக்காக ஐரோப்பாவில் இளைஞர்கள் கோஷ்டி கட்டிக்கொண்டு, ஆண்டுதோறும் மண்டபத்தில் கூடி, பந்தயம் வைத்து, வந்தவர்களே ஓட்டுப் போட்டு முதற்பரிசு இன்னாருக்கு என்று தீர்மானித்து வருகிறார்களென்றால், அதில் ஏதோ ஒரு ருசி இருக்கத்தான் வேண்டும்.

இதன் பூர்வோத்தரம் அவ்வளவு கௌரவமானதன்று. 1980களில் கமடோர் 64 முதலிய யந்திரங்களுக்கு விற்பனைக்கு வந்த விளையாட்டுகளின் பூட்டை உடைத்து நகலெடுத்துப் பரப்பியவர்கள், உடைத்தது தாங்களே என்று தம்பட்டம் அடிக்க, முகப்பில் ஒரு சிறு காட்சியை ஒட்டிவைத்தார்கள். நாளடைவில் விளையாட்டு உதிர்ந்துபோய் முகப்பு மட்டும் நின்றது. திருட்டில் பிறந்த கலையானாலும் இப்போது சபையேறிவிட்டது: பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் இதைத் தத்தம் தேசத்து மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

டெமோவைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியது, அது எந்தப் பிரிவில் போட்டியிட்டது என்பதே. 65,536 பைட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு பந்தயம்; 4,096ஐத் தாண்டக்கூடாது என்று ஒன்று; 256க்குள் முடித்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. திருக்குறளின் முதற் குறளை யுடிஎஃப்-8 முறையில் அடித்துச் சேமித்தால் 123 பைட்டுகள் ஆகின்றன. ஆகவே 256 என்பது இரண்டு குறளுக்கான இடம். அந்த இடத்துக்குள் ஸ்வீடனைச் சேர்ந்த லினஸ் ஓகெசன், கமடோர் 64 யந்திரத்துக்காக, தாளமும் சுரவரிசையும் அசையும் சித்திரமுமாக இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் 'எ மைண்ட் இஸ் பார்ன்' என்ற டெமோவை எழுதினார். 2017இல் ஜெர்மனியின் ரெவிஷன் விழாவில், 4,096 பைட் வரை அனுமதித்த பிரிவில், 256ஐ மட்டுமே எழுதி அவர் முதற்பரிசை வாங்கிப் போனார்.

சினிமாவில் வாரந்தோறும் கிராபிக்ஸ் பார்க்கிற நமக்கு இதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். சினிமாவில் நாம் பார்க்கும் படம் முன்பே தயாராகிச் சேமித்து வைக்கப்பட்டது. டெமோவில் சேமித்து வைத்த படம் என்று அநேகமாக ஒன்றுமே இல்லை, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் க்ஷணத்திலேயே கணக்கிட்டு வரையப்படுகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியிலுள்ள வளவனூரில், மார்கழி விடியலில் சிக்குக் கோலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வாசலில் குனிந்து கோலமிடும் பெண்மணி, முழுச் சித்திரத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்லை. இத்தனை புள்ளி, இன்ன இடத்தில் வளைவு, இன்ன இடத்தில் குறுக்கு என்ற நியமத்தையே கையில் வைத்திருக்கிறாள். புள்ளியைக் கூட்டினால் அதே நியமத்தில் கோலமும் பெருகுகிறது. இதைக் கணிப்பொறி இலக்கணமாகவே வகுத்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆகையால், டெமோவைப் பார்க்கும்போதும் 'இது எந்த நியமத்திலிருந்து பெருகுகிறது?' என்று கேட்டுக்கொண்டே பார்ப்பதுதான் ரசிகனின் வேலை என்பது என் அபிப்பிராயம்.

'எலிவேட்டட்' என்ற டெமோவில் தொடங்குவது நலம். 2009இல் பிரேக்பாயிண்ட் விழாவில் 4,096 பைட் பிரிவில் முதலாவதாக வந்தது. பனி போர்த்த மலைத்தொடர்களின் மேல் நம்மைப் பறக்க வைக்கிறது. இந்தக் கட்டுரையைச் சேமிக்க வேண்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்படவில்லை. முதல் தடவை விளக்கை அணைத்துவிட்டு, நன்றாகச் சத்தம் வைத்து, ஒன்றும் யோசிக்காமல் பாருங்கள். மறு தடவை ஒரு மலையின் சரிவை மட்டும் கவனியுங்கள். பெரிய மேடு, அதன் முதுகில் பாதி உயரமும் இரட்டிப்பு நெருக்கமுமாகச் சிறு மேடுகள், அவற்றின் மேல் அதே விகிதத்தில் இன்னும் பொடி மேடுகள்: ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிய அடுக்குகள் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். இணையத்தில் கிடைக்கும் வீடியோ மங்கலாகத்தான் இருக்கும். நிரலையே இறக்கி ஓட்டினால் விசேஷம். ஆனால், இவ்வளவு இறுக்கி மூட்டை கட்டிய நிரலைக் கண்டால் வைரஸ் என்று காவல் நிரல்கள் கூக்குரலிடுவது வழக்கம்.

அளவுதான் எல்லாமே என்று நினைத்துவிட வேண்டாம். சில டெமோக்களின் கட்டுப்பாடு யந்திரத்திலேயே இருக்கிறது. 2015இல் ரெவிஷனில் வந்த '8088 எம்பிஎச்', 1981ஆம் வருஷத்து ஐபிஎம் பிசியின் சிஜிஏ அட்டையைக் கொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட வர்ணங்களைக் காட்டிற்று. அது 16 வர்ணங்களுக்கென்று செய்யப்பட்ட அட்டை. பழைய யந்திரத்தைப் போலவே நடிக்க எழுதப்பட்ட மென்பொருள்கள் அப்போது இதை ஓட்ட முடியாமல் திணறின.

இடையிலோ முடிவிலோ எழுத்துகள் நகர்ந்து போனால் வாசிக்காமல் விடாதீர்கள். போட்டிக் கோஷ்டிகளுக்கெல்லாம் பெயர் சொல்லி வணக்கம் தெரிவிக்கும் மரியாதை அது. மண்டபத்தில் யாரோ திடீரென்று 'அமிகா!' என்று கத்துவதும் சம்பிரதாயந்தான். ஒரு பழைய யந்திரத்தின் பேரில் கொண்ட பக்தி.

நம் தேசத்தில் இது வேரூன்றாததற்குப் புத்திக்குறைவு காரணமன்று. 1984இல் மத்திய சர்க்கார் பள்ளிகளுக்கு வழங்கிய பிபிசி மைக்ரோ யந்திரத்தில், ஐரோப்பாவில் இன்றும் டெமோ எழுதுகிறார்கள். இங்கே அதை வீட்டில் வைத்துக்கொண்டு இராப்பகலாக நோண்டிப் பார்க்க எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்தது? இப்போது அந்தத் தடை இல்லை. ரெவிஷன் விழா 2011 முதல் ஈஸ்டர் விடுமுறையில் சார்ப்ரூக்கன் நகரில் நடக்கிறது. வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கல்லூரிகளில் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் ஒரு வருஷம் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் சிரோமணி தம்பதியரின் இலக்கணத்தை எடுத்து வைத்துக்கொண்டு 256 பைட்டில் ஒரு சிக்குக் கோலம் போட்டுப் பார்க்கட்டும்.