போலியும் முதலும்: ‘நேம்சேக்’ புதினத்தில் அயல்நாட்டு இல்லறம்

முன்னுரை

புலம்பெயர்ந்தோர் வாழ்வைக் கூறும் நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் பிரிவுத் துயரையும் தாயக நினைவையுமே பொருளாகக் கொள்வர். அவை பெரும்பொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அயல்நாட்டில் குடியேறிய கணவனும் மனைவியும் நாள்தோறும் எதிர்கொள்வது அத்துயரின் பேருருவத்தை அன்று. குழந்தைக்கு எதனை ஊட்டுவது, எப்பெயரிட்டு அழைப்பது, எம்மொழியில் கடிந்துகொள்வது என்னும் சிறு வினாக்களே அவர்தம் வாழ்வை நிரப்புகின்றன. அச்சிறு வினாக்களையே பெரும்பொருளாக ஏற்றுக்கொண்ட நூல், ஜும்பா லாஹிரி ஆங்கிலத்தில் எழுதி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நேம்சேக்’ என்னும் புதினமாகும்.

இந்நூலை மகனின் கதையாகக் கொண்டு, இரு பண்பாடுகட்கு இடையே அலைக்கழியும் இளைஞன் ஒருவனின் வரலாறு என்று உரைப்பதே பெருவழக்கு. பன்னிரண்டு இயல்களுள் பெரும்பாலானவை அவனைப் பற்றியனவே; ஆகலின் அவ்வழக்கிற்கு அடிப்படை உண்டு. ஆயின், நூலின் வலிமை முதல் மூன்று இயல்களில், அவன் குழந்தையாக இருந்த காலத்துப் பெற்றோரின் இல்லறத்தைக் காட்டுமிடத்திலேயே தங்கியுள்ளது என்பது எம் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் கதைக்களமும்

லாஹிரி 1967ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வங்காளப் பெற்றோர்க்குப் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் வளர்ந்தவர். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த சிறுகதைத் தொகுதிக்காக 2000ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவர். ‘நேம்சேக்’ அவர்தம் முதற் புதினம்.

கதை 1968ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்குகின்றது. நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையினை நீக்கிய 1965ஆம் ஆண்டுக் குடிபுகவுச் சட்டத்தின் பின்னர், ஆசிய நாடுகளிலிருந்து பொறியறிஞரும் மருத்துவரும் ஆய்வாளரும் அமெரிக்காவிற் பெருகிய காலம் அது. அசோக் கங்குலி என்பார் அந்நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அவர் மனைவி அஷிமா, தலைப்பிள்ளைப் பேற்றினை எதிர்நோக்கியிருப்பவள். சுற்றத்தார் எவரும் அருகில் இல்லை.

அடுக்களையில் ஒரு போலி

நூலின் முதற் காட்சியே அடுக்களையில் நிகழ்கின்றது. அமெரிக்கர் காலையுணவாகப் பாலில் இட்டுண்ணும் அரிசிப்பொரியோடு வேர்க்கடலையும் நறுக்கிய வெங்காயமும் உப்பும் எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கூட்டி, கல்கத்தாத் தெருவோரங்களில் விற்கும் காரப்பொரியை ஒத்த ஒன்றினை அஷிமா ஆக்க முயல்கின்றாள். கடுகெண்ணெய் கிட்டவில்லை. அது முழுமையுறவில்லை என்பதனை அவள் நாவே கூறுகின்றது.

இக்காட்சியை நூல் முழுமைக்கும் திறவுகோலாகக் கொள்ளலாம். நம் இலக்கணத்தார் ஓரெழுத்து நின்ற இடத்தில் மற்றோரெழுத்து வந்தும் பொருள் மாறாதிருப்பதனைப் போலி என்பர். நிலம் என்பது நிலன் என வருதல் போல்வது அது. அச்சொல்லை அதன் இழிபொருளில் அன்றி இவ்விலக்கணப் பொருளிலேயே ஈண்டு எடுத்தாள்கின்றோம். அயல்நாட்டு இல்லறம் என்பது போலிகளால் நடத்தப்படும் இல்லறம். ஒரு பொருளுக்கு ஈடாக மற்றொரு பொருள். ஓர் உறவுக்கு ஈடாக மற்றோர் உறவு. ஒரு பெயருக்கு ஈடாக மற்றொரு பெயர். பொருள் மாறாது என்னும் நம்பிக்கையோடுதான் பெற்றோர் இவற்றை மேற்கொள்கின்றனர். அந்நம்பிக்கை நிறைவேறியதா என்பதே நூல் எழுப்பும் வினா.

பத்து விரல்

மருத்துவமனையில் செவிலிப் பெண்ணொருத்தி, ஆண் மகவினை விரும்புகின்றாயா, பெண் மகவினையா என அஷிமாவை வினவுகின்றாள். கையிலும் காலிலும் விரல் பத்துப் பத்தாக இருந்தாற் போதும் என்று அவள் விடையிறுக்கின்றாள். விரல் என்பதற்குப் பன்மை ஈறு கொடாமல் கூறிவிட்டமையைச் செவிலியின் புன்னகையால் உணர்ந்து நாணுகின்றாள். ஆங்கில இலக்கியம் பயின்றவள் அவள். வங்காள மொழியிலோ விரல் என்னும் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது.

தமிழ் கற்றார்க்கு இப்பிழை பிழையாகவே தோன்றாது. பத்து விரல் என்பதே நம் வழக்கு. அஃறிணை இயற்பெயர் ஒருமையோ பன்மையோ என்பதனை வினை காட்டும் என்பர் தொல்காப்பியர். நன்னூலார் இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என வகுப்பர். ஒரு மொழியில் முறையாகிய ஒன்று மற்றொரு மொழியில் நகைப்பிற்கு இடமாவதனை ஒரே ஈற்றில் வைத்துக் காட்டிய நுட்பம் போற்றத்தக்கது. அயலாள் என்னும் நிலையை ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. பேற்றுநோவின் இடையே ஒரு தாய் தன் இலக்கணத்திற்காக வருந்த நேர்கின்றது என்பதே போதுமான சான்றாகின்றது.

மகப்பேற்றுக்குப் பெண்கள் தாய்வீடு செல்லும் வழக்கினை அஷிமா எண்ணிப் பார்க்கின்றாள். தந்தையும் தாயும் மாமனும் அத்தையும் சூழாத பிறப்பு முழுமையற்றது போல அவட்குத் தோன்றுகின்றது. இத்துணைத் தனிமையில் உலகிற்கு வந்த உயிர் பிறிதில்லை என மகனுக்காக இரங்குகின்றாள். நம் அகப்பாடல்கள் நற்றாயையும் செவிலித்தாயையும் வேறுவேறாக வைத்துப் பேசும். ஈன்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்னும் அப்பகுப்பு, குழந்தை வளர்ப்பு பலர் கூடிச் செய்யும் தொழில் என்பதற்குச் சான்றாகும். கேம்பிரிட்ஜில் அவ்விருவரும் அஷிமா ஒருத்தியே.

வீடு திரும்பியபின், இந்நாட்டில் தனித்திருந்து பிள்ளை வளர்த்தல் தகாது, ஊர்க்கு மீள்வோம் என்று அவள் கணவனிடம் கூறுகின்றாள். வீட்டில் அரிசி தீர்ந்துபோகின்றது. மாடியிற் குடியிருப்பவளிடம் கேட்கின்றாள். அவள் தருவது தீட்டப்படாத அரிசி. முகம் முறியாமைப் பொருட்டு ஒரு குவளை வாங்கி வந்து, கீழே எறிந்துவிடுகின்றாள். கொடுத்தவளிடம் குற்றமில்லை, கொண்டவளிடமும் குற்றமில்லை. ஆயினும் உணவு வீணாகின்றது. அயலவர் நட்பிற்கும் உறவின் உதவிக்கும் இடையே உள்ள தொலைவினை இதனினும் சுருங்கக் கூறல் அரிது.

எனினும் லாஹிரி புலம்பலோடு அமையவில்லை. சில திங்களில் அஷிமா நாட்கடமைகளை வகுத்துக்கொள்கின்றாள்; குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவிற்குச் செல்கின்றாள்; வழிச்செல்வோர் நின்று வாழ்த்துகின்றனர்; தனியே செய்கின்றோம் என்பதில் அவட்குப் பெருமிதம் பிறக்கின்றது. இப்பெருமிதத்தை விடுத்து, இழப்பினை மட்டும் எடுத்துக்காட்டும் திறனாய்வு நூலுக்கு நீதி செய்வதாகாது.

உறவுக்கு ஈடு

குழந்தைக்கு ஆறாந் திங்களில் அன்னப்பிராசனம் நிகழ்கின்றது. தாயுடன் பிறந்தான் குழந்தையை மடியிலிருத்தி முதற்சோறு ஊட்டுதல் வங்காள வழக்கு. காதணி விழாவில் தாய்மாமன் மடியினை வேண்டி நிற்கும் தமிழர்க்கு இதன் இன்றியமையாமை எளிதின் விளங்கும். அஷிமாவின் தம்பியோ கல்கத்தாவில் இருக்கின்றான். ஆதலின் வங்காள நண்பர் ஒருவர் அன்று மாமனாக அமர்கின்றார்.

பின்னர்க் குழந்தையின் எதிர்காலத்தைக் குறிபார்க்கும் பொருட்டு மண்கட்டியும் எழுதுகோலும் டாலர்த் தாளும் ஒரு தட்டில் வைக்கப்படுகின்றன. மண் வீட்டின் பின்புறத்திலிருந்து தோண்டப்பட்ட கேம்பிரிட்ஜ் மண். பணம் அமெரிக்கப் பணம். சடங்கு வங்காளத்தது, அதன் கருவிகள் அமெரிக்காவினுடையன. குழந்தை எதனையும் தொடாது அழுகின்றது.

இங்குதான் போலியின் இயல்பு வெளிப்படுகின்றது. அமர்ந்தவர் மாமன் அல்லர் என்பதனைப் பெற்றோர் அறிவர், குழந்தை அறியாது. பெற்றோர்க்குப் போலியாக உள்ளது பிள்ளைக்கு முதலாகவே அமைந்துவிடுகின்றது. வார இறுதிகளில் கூடும் வங்காள நண்பர்களை அவன் மாமன் என்றும் மாமி என்றும் அழைத்து வளர்கின்றான்; அவனுக்கு அவர்களே சுற்றம். பிள்ளைகளின் பொருட்டுக் கங்குலி இல்லத்தில் கிறித்துமசு கொண்டாடப்படுகின்றது. வாரம் ஒருமுறை அமெரிக்க உணவு சமைக்கப்படுகின்றது. பெற்றோர்க்கு இவை விட்டுக்கொடுத்தல். பிள்ளைகட்கோ இவையே வீடு. தலைமுறைப் பிணக்கு என்று பொதுவாகக் கூறப்படுவதன் வேர் ஈண்டுள்ளது. பெற்றோரும் பிள்ளைகளும் வெவ்வேறு பண்பாட்டை விரும்பினர் என்பதன்று. ஒரே பொருளை ஒரு சாரார் போலியாகவும் மற்றொரு சாரார் முதலாகவும் அறிந்தனர் என்பதே உண்மை.

பெயர்

வங்காளியர்க்கு இரு பெயர்கள் உண்டு. வீட்டார் அழைப்பது டாக்நாம். ஊரறிய வழங்குவது பாலோநாம். கோகோலுக்கு நற்பெயர் தேர்ந்து அஷிமாவின் பாட்டி அனுப்பிய மடல் வந்து சேரவில்லை. பெயரில்லாமல் குழந்தையை மருத்துவமனையினின்று கொண்டுசெல்ல இயலாமையின், உருசிய எழுத்தாளர் நிக்கொலாய் கோகோலின் பெயரை அசோக் வீட்டுப்பெயராக எழுதிக் கொடுக்கின்றார். முன்னோர் பெயரை இடலாமே என்று அலுவலர் கூறுமிடத்து, வங்காளக் குடும்பங்களில் ஒருவர் பெயரை மற்றொருவர்க்கு இடும் வழக்கில்லை என்று ஆசிரியர் விளக்குவர்.

தமிழ் வழக்கு இதற்கு மறுதலை. மகனின் மகனைப் பெயரன் என்னும் சொல்லே பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்னும் பொருளது. ஐங்குறுநூற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. ‘நேம்சேக்’ என்னும் தலைப்பிற்குப் பெயரன் என்பது நேரிய மொழிபெயர்ப்பாகலாம். ஆயின் கோகோல் எம்முன்னோர்க்கும் பெயரன் அல்லன். ஒரு நூலாசிரியர்க்கே பெயரன்.

1973ஆம் ஆண்டில் ஐந்து அகவை நிரம்பிய மகனை நிகில் என்னும் நற்பெயரோடு பள்ளியில் சேர்க்கின்றனர். தலைமையாசிரியை எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகின்றாய் எனச் சிறுவனையே வினவுகின்றார். அவன் புதிய பெயரை மறுக்க, கோகோல் என்பதே பள்ளியிலும் நிலைபெறுகின்றது. ஐந்து அகவைக் குழந்தையின் விருப்பம் பெற்றோர் விருப்பினும் மேம்பட்டதாகக் கொள்ளப்பட்டதனைக் கண்டு அஷிமா திகைக்கின்றாள். தற்காலிகமாக இட்டது நிலையானதாகி, போலி முதலாயிற்று. 1974இல் பிறந்த மகளுக்கு இரு பெயர் முறையினையே விடுத்துவிடுகின்றனர். பெற்றோரும் கற்றுக்கொள்கின்றனர்.

குறைபாடு

கோகோல் 1986இல் சட்டப்படி நிகில் எனப் பெயர் மாற்றிக்கொண்ட பின்னர்க் கதையின் செறிவு தளர்கின்றது. பெண்டிரும் விருந்துகளும் வீட்டுப்பொருள்களும் அடுத்தடுத்து வருகின்றன. பெயர் பற்றிய கருத்து நிகழ்ச்சியால் உணர்த்தப்படாமல் கூற்றாகவே மொழியப்படுகின்றது. நூல் முழுதும் ஆளப்படும் நிகழ்கால நடை, நாள்தோறும் மீள நிகழும் இல்லறச் செயல்கட்கு மிகப் பொருந்தியது. இளைஞனின் அலைவுகட்கு அத்துணைப் பொருந்தவில்லை.

முடிபு

ஆயினும் முடிவு முதற்பகுதியை மீளத் தழுவுகின்றது. 1961ஆம் ஆண்டில் நேர்ந்த புகைவண்டி விபத்தில், கையிலிருந்த கோகோல் கதைநூலின் ஏட்டினாலேயே அசோக் மீட்போர் கண்ணிற் பட்டு உயிர் பிழைத்தவர். மகன் போலியென வெறுத்த பெயர் தந்தைக்கு முதலாகவே இருந்தது. பதினான்காம் பிறந்தநாளில் தந்தை அளித்த அந்நூலை, அவர் மறைந்தபின் 2000ஆம் ஆண்டுக் கிறித்துமசு இரவிலேயே மகன் முதன்முதலாகப் படிக்கத் தொடங்குகின்றான். அஷிமாவோ ஆண்டிற் பாதியைக் கல்கத்தாவிலும் பாதியை அமெரிக்காவிலும் கழிக்க முடிவு செய்கின்றாள். அவள் பெயர்க்கு எல்லையற்றவள் என்பது பொருள். சீமா என்னும் அதே வடசொல் தமிழில் சீமை என வந்து, எல்லையைக் குறித்தலோடு அயல்நாட்டையும் குறிக்கின்றது. அஷிமாவுக்கு இப்பொழுது சீமை என்று ஓரிடம் இல்லை. தாயகம் என்று ஓரிடமும் இல்லை.

ஆகலின், அயல்நாட்டில் பிள்ளை வளர்த்தோர் எதனை இழந்தனர் என்று மட்டும் வினவுதல் போதாது. அவர் எதனை ஈடாக வைத்தனர், அவ்வீடு பிள்ளைகட்கு எதுவாயிற்று என்றும் வினவுதல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை ஆராயப் புகும் மாணவர், கண்ணீர் சிந்தும் பகுதிகளை நோக்கு முன்னர், அடுக்களையையும் பள்ளிச் சேர்க்கைத் தாளையும் நோக்குவாராயின் பெரும்பயன் எய்துவர்.